சுன்னத்துக்கு நாள் குறிக்கும் முன்

"பிறக்கும்போதே சுன்னத் ஆகி வந்த பிள்ளை" என்று ஆம்பூர்ப் பக்கம் சில ஆண் குழந்தைகளைச் சொல்வார்கள். பெரியவர்களுக்கு அதில் பெருமை. என் மகன் பிறந்தபோது என் மாமியாரும் அப்படிச் சொல்லித்தான் தெருவுக்கே இனிப்புக் கொடுத்தார். பிரசவம் பார்த்த டாக்டரம்மா மட்டும் குழந்தையை நிதானமாகப் பார்த்துவிட்டு, "சுன்னத் பண்ணிடாதீங்கம்மா. முதல்ல குழந்தைங்க சர்ஜனைப் பாருங்க" என்றார்.

இதற்கு மருத்துவப் பெயர் ஹைப்போஸ்பேடியாஸ். சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் உறுப்பின் அடிப்பக்கத்தில் இருக்கும். முன்தோல் மேலே மட்டும் திரண்டு, கீழே இல்லாமல் போவதால்தான் சுன்னத் ஆனதுபோலத் தெரிகிறது. சிலருக்கு உறுப்பு கீழே வளைந்தும் இருக்கும். ஏறக்குறைய 300 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. கிரகணமும் காரணமில்லை, கர்ப்பத்தில் தாய் சாப்பிட்ட உணவும் காரணமில்லை. என்னைக் கேள்வி கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

இதைச் சரிசெய்யும் ஆபரேஷனில் புதுச் சிறுநீர்ப் பாதையை அமைக்கவும் அதன்மேல் மூடவும் அந்த முன்தோல் தேவைப்படலாம். ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருக்கும் என் கணவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெட்டிப் போட்ட தோலில் திரும்ப அளவெடுக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். மாமியாரைச் சமாதானப்படுத்தியது வேறொன்று: பெரும்பாலும் இந்த ஆபரேஷன் முடியும்போதே சுன்னத்தும் ஆகிவிடுகிறது.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போனோம். 1900-த்தில் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய இடம். 1971-ல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று சிகிச்சை நடந்ததும் அங்கேதான். காந்தி ரோடு லாட்ஜ்களில் வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து தங்கியிருப்பவர்களைப் பார்த்தபோது, பஸ் ஏறினால் வந்துவிடும் தூரத்தில் இருந்துகொண்டு நாம் தள்ளிப்போடுகிறோமே என்று தோன்றியது. பொதுவாக 6 முதல் 18 மாதத்துக்குள் ஆபரேஷனை முடித்துவிடச் சொல்கிறார்கள். துவாரம் நுனிக்கு அருகிலேயே இருந்தால் சிலருக்கு ஆபரேஷனே வேண்டியிருக்காது. விதைகளும் கைக்குத் தட்டுப்படவில்லை என்றால் ஹார்மோன் பரிசோதனை அவசியம்.

ஆபரேஷனைவிட அதற்குப் பிறகு வீட்டில் கழிந்த நாட்கள்தான் கடினம். சிறுநீருக்கு மெல்லிய டியூப் விட்டிருப்பார்கள். இரண்டு டயப்பர் போட வேண்டும். உள் டயப்பரில் ஓட்டை போட்டு, டியூப் நுனியை வெளி டயப்பருக்குள் விட்டால் சிறுநீர் அதில் போகும், மலம் உள்ளேயே நின்றுவிடும். குழந்தை திடீரென்று உடம்பை வில்லாக வளைத்து வீறிட்டால், டியூப் உறுத்திச் சிறுநீர்ப்பை இழுத்துப் பிடிக்கிறது என்று அர்த்தம். அதற்கு மருந்து உண்டு, டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மலச்சிக்கல் வந்தால் இந்த வலி கூடும். நம் வழக்கப்படி கால் பரப்பி இடுப்பில் வைக்கக் கூடாது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் தூக்கப் பார்ப்பார்கள், முகம் பார்க்காமல் தடுத்துவிடுங்கள். தையல் ஆறிய பிறகு வேறொரு துளை வழியாகவும் சிறுநீர் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் பதற வேண்டாம், சில மாதம் பொறுத்து அடைப்பார்கள்.

செலவுக்கு, தோல் கம்பெனிக்காரர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரியில் எது செல்லும் என்பதைத் தேதி வாங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள்.

சி.எம்.சி.யில் காத்திருந்த நேரத்தில் மற்ற தாய்மார்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவையும் கொஞ்சம் உண்டு. சளி, இருமல் இல்லாமல் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் "சூடு" என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துவிட்டு இருக்காதீர்கள். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் சிறுநீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஆண் குழந்தைக்குச் சிறுநீர் சொட்டுச் சொட்டாக மட்டும் வந்தால் பாதையில் வால்வு அடைப்பு இருக்கலாம், அன்றைக்கே போங்கள். 6 மாதமாகியும் விதை இறங்கவில்லை என்றால் அது தானாக இறங்குவது அரிது.

சுன்னத் செய்து கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். துவாரம் நுனியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் காசு வாங்காமல், கத்தியைத் தொடாமல், குழந்தையைச் சர்ஜனிடம் அனுப்பிவிடுங்கள்.