காக்கையும் பனம்பழமும்

பனையின்மீது காக்கை அமர்ந்தது; அக்கணமே பழம் வீழ்ந்தது. கண்டோர், "காக்கை வீழ்த்தியது" என்றனர். பழமோ முன்னரே முதிர்ந்து காம்பு தளர்ந்து நின்றது. இவ்வாறு இரண்டு நிகழ்ச்சிகள் தற்செயலாய் ஒருங்கு நேர்தலை வடநூலார் காகதாலிய நியாயம் என்பர். போலிக் காரணங்களை ஆராயும் கலை தமிழர்க்குப் புதிதன்று; மணிமேகலையின் 29ஆம் காதை ஏதுப் போலிகளை விரித்துரைக்கின்றது. இக்காலத்துப் போட்டித் தேர்வுகளும் ஒரு வாதத்தைத் தந்து, "இதனை வலுவிழக்கச் செய்வது யாது?" என வினவுகின்றன.

"சிவகாசி மழை குறைந்த ஊர், ஆதலின் ஆங்குத் தீப்பெட்டித் தொழில் தழைத்தது" என்பது பலரும் கூறும் வாதம். இதனை மூன்று வினாக்களால் ஆராய்வோம்.

காரணம் இருந்தும் காரியம் நிகழாத இடம் உண்டோ? உண்டு. கமுதி, முதுகுளத்தூர்ப் பகுதிகளும் மழை குறைந்தனவே. ஆங்கு இத்தொழில் இவ்வளவு பெருகவில்லை. காரணம் இன்றியும் காரியம் நிகழ்ந்த இடம் உண்டோ? உண்டு. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இத்தொழிலைக் கற்கச் சென்றது ஈரக்காற்று மிக்க கல்கத்தா நகருக்கே. வேறு காரணம் உண்டோ? கற்று மீண்டு, 1923இல் தம் ஊரில் தொழில் தொடங்கிய அவ்விருவரின் முயற்சி உண்டு.

இவற்றால் அவ்வாதம் மெலிந்தது, ஆயினும் அழிந்துவிடவில்லை. குச்சியும் மருந்தும் உலர்வதற்கு வறண்ட காற்று உதவும் என்பது மெய்யே. முதற்காரணமெனக் கருதப்பட்ட வறட்சி, துணைக்காரணமாய் நின்றது. வாதத்தை மெலிவித்தல் வேறு, மறுத்தல் வேறு என்பதை மாணவர் மறவாதிருத்தல் வேண்டும்.

இவ்வாராய்ச்சி தேர்வுக்கு மட்டும் உரியதன்று. பட்டாசு ஆலையில் வெடிவிபத்து நேருங்கால், "கோடை வெப்பமே காரணம்" என்பார் உளர். சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்டோர் உயிர் துறந்த விபத்து 2012 செப்டம்பர் 5ஆம் நாள் நேர்ந்தது. சாத்தூரை அடுத்த அச்சங்குளத்து விபத்து நேர்ந்ததோ 2021 பிப்ரவரி 12ஆம் நாள். இரண்டும் கடுங்கோடை அல்ல. எனவே வேறு காரணங்களையும் தேடல் வேண்டும். மருந்துக் கலவை உராய்தல், விதித்த அளவுக்கு மேல் ஆட்களை ஓரறையில் இருத்துதல், சரக்கை மிகுதியாகக் குவித்தல், பண்டிகை நெருங்குங்கால் விரைந்து வேலை வாங்குதல் ஆகியனவும் தீயை வளர்ப்பனவே.

வெப்பம் தீங்கை மிகுவிக்கும் என்பதை எவரும் மறுக்கார். ஆயின் அதனையே முழுக்காரணம் எனத் துணிந்தால், பழி வானத்தின்மேல் ஏறும்; திருத்தத்தக்க குறைகளோ திருத்தப்படாமல் நிற்கும். வானத்தைத் திருத்துவார் இலர். ஆலையின் ஒழுங்கைத் திருத்துதல் மாந்தர்க்கு இயலும். காரணத்தைப் பிழைபடக் கொண்டவன் தேர்வில் ஒரு மதிப்பெண்ணை இழப்பான்; ஆலையிலோ அப்பிழைக்கு ஈடாக உயிர்கள் போகும். ஆதலின், "இதனால் இது விளைந்தது" என ஒருவர் கூறக் கேட்டவுடன் தலையசையாது, அம்மூன்று வினாக்களையும் எழுப்புதல் அறிவுடையார் கடனாகும்.