ஐயம் என்னும் உரைகல்

நுழையும்முன்

பொன்னின் மாற்றை அறிய உரைகல் உண்டு. கண்ணுக்குத் தெரியாத மென்பொருளின் தரத்தை எதைக்கொண்டு அறிவது? வங்கி, மருத்துவமனை, தொடர்வண்டி முன்பதிவு, தேர்வு முடிவு எனச் செல்லுமிடமெல்லாம் மனிதர்க்காக மென்பொருள் முடிவெடுக்கிறது. அம்முடிவு பிழைபடாமல் காக்க உழைப்பவர் மென்பொருள் சோதனையாளர். அவர் பணியின் நுட்பத்தையும் பொறுப்பையும் இப்பாடம் விளக்குகிறது.

ஆக்குவோரும் ஆய்வோரும்

நிரலாளர், தாம் எழுதிய நிரல் இயங்க வேண்டும் என்னும் விருப்பத்தோடு அதனை அணுகுகிறார். சோதனையாளரோ அது எங்கே இடறும் என்னும் ஐயத்தோடு அணுகுகிறார். இவ்விரு பார்வைகளும் ஒன்றையொன்று பகைப்பன அல்ல, நிறைவு செய்வன. தாம் எழுதியதில் உள்ள எழுத்துப்பிழை எழுதியவர் கண்ணுக்கு எளிதில் படாது. மனம் தான் எண்ணியதையே தாளிலும் காணும். நிரலுக்கும் இது பொருந்தும். ஆகவேதான் ஆக்கியவர் அல்லாத மற்றொருவரின் பார்வை தேவைப்படுகிறது.

மென்பொருள் உருவாக்கத்தில் சோதனை பல படிகளாக நிகழ்கிறது. நிரலின் சிறு பகுதியைத் தனித்து ஆராய்வது அலகுச் சோதனை. பகுதிகள் ஒன்றோடொன்று இணங்கிச் செயற்படுவதைப் பார்ப்பது ஒருங்கிணைப்புச் சோதனை. முழு மென்பொருளையும் ஆராய்வது அமைப்புச் சோதனை. பயன்படுத்துவோரே இயக்கிப் பார்த்து ஏற்பது பயனர் ஏற்புச் சோதனை. ஒரு பிழையைத் திருத்தும்போது முன்பு சரியாக இருந்த மற்றோரிடம் கெட்டுப்போவதுண்டு. அதனால் திருத்தத்திற்குப் பின் பழைய சோதனைகளையும் மீண்டும் நிகழ்த்துவர்.

எல்லையில் ஒளியும் பிழை

அனைத்தையும் சோதித்துவிட முடியுமா? பத்து இலக்கத் தொலைபேசி எண்ணை ஏற்கும் ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதில் இடத்தக்க எண்கோவைகள் 1000 கோடி. நொடிக்கு ஒன்றாகச் சோதித்தாலும் 300 ஆண்டுகளுக்கு மேலாகும். எனவே, எவற்றைச் சோதிப்பது எனத் தேர்ந்தெடுப்பதே இக்கலையின் உயிர்நாடியாகும்.

18 முதல் 60 வயது வரை உள்ளோர் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு விதி இருப்பதாகக் கொள்வோம். 30, 31, 32 என அடுக்கிச் சோதிப்பதால் பயன் சிறிது. நிரலாளர் 'பதினெட்டுக்கு மேல்' என்று எழுதினாரா, 'பதினெட்டும் அதற்கு மேலும்' என்று எழுதினாரா என்பதில்தான் பிழை ஒளிந்திருக்கும். ஆகவே 17, 18, 60, 61 ஆகிய எல்லை மதிப்புகளைச் சோதனையாளர் முதலில் இட்டுப் பார்ப்பார். பின்னர்க் கட்டத்தை வெறுமையாக விடுவார். எண்ணுக்கு மாறாக எழுத்தை இடுவார். குறை எண்ணையும் இடுவார். பதினெட்டு வயது நிரம்பிய நாளிலேயே விண்ணப்பிக்க வந்த ஒருவர் காரணமின்றித் திருப்பி அனுப்பப்படாமல் இருப்பதற்கு இவ்வுழைப்பே துணை.

விரைந்து தட்டிய விரல்கள்

சோதனையின் குறை உயிரையே பறிக்கும் என்பதைத் தெராக்-25 என்னும் புற்றுநோய்க் கதிர்வீச்சு மருத்துவக் கருவி உலகிற்கு உணர்த்தியது. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அக்கருவியால் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அதற்கு முந்தைய கருவிகளில் தவறான கதிர்வீச்சைத் தடுக்கும் வன்பொருள் பூட்டுகள் இருந்தன. தெராக்-25 கருவியில் அக்காவலின் பெரும்பகுதி மென்பொருளிடம் ஒப்படைக்கப்பட்டது.

1986ஆம் ஆண்டு மார்ச் மாதம் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகர மருத்துவமனையில் ஒரு நோயாளி கடுங்கதிர்வீச்சுக்கு உள்ளானார். திரையில் 'செயற்பிழை 54' என்னும் குறிப்பு மட்டும் தோன்றியது. பொறியாளர்கள் வந்து ஆராய்ந்தனர். பிழை மீண்டும் நிகழவில்லை. கருவி மறுபடியும் இயக்கப்பட்டது. ஏப்ரல் மாதத்தில் இரண்டாம் நோயாளிக்கும் அவ்வாறே நேர்ந்தது. இருவரும் பின்னர் உயிரிழந்தனர்.

அப்போது அம்மருத்துவமனையின் இயற்பியலாளரும் கருவியை இயக்கிய பணியாளரும் ஒன்றாக அமர்ந்தனர். நிகழ்ந்ததை நிகழ்ந்த வரிசையிலேயே மீண்டும் மீண்டும் செய்து பார்த்தனர். இறுதியில் உண்மை வெளிப்பட்டது. பழகிய கை விரைந்து தட்டச்சு செய்து, தவறாக இட்ட கதிர்வகையைச் சில நொடிகளுக்குள் திருத்தும்போது மட்டும் அப்பிழை எழுந்தது. கருவியின் காந்தங்கள் நிலைபெற ஏறத்தாழ எட்டு நொடிகள் தேவைப்பட்டன. அதற்குள் செய்யப்பட்ட திருத்தம் திரையில் தெரிந்தது. கருவியின் உள்ளே சென்று சேரவில்லை. மெதுவாகத் தட்டிச் சோதித்தவர்க்கு அகப்படாத பிழை, நாள்தோறும் உழைத்துப் பழகிய விரல்களுக்கு அகப்பட்டது. சோதனையாளர் செய்ய வேண்டிய பணியை அன்று செய்து முடித்தவர்கள் அவ்விருவரே.

'என் கணினியில் சரியாகத்தான் இயங்குகிறது' என்பது பிழை இல்லை என்பதற்குச் சான்றாகாது. பயன்படுத்துவோர் எப்படி இயக்குவாரோ, அப்படி இயக்கிப் பார்ப்பதே சோதனை.

நேற்றைய சான்றிதழ்

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ஏவூர்தி தன் முதற்பயணத்தைப் பிரெஞ்சு கயானாவிலிருந்து தொடங்கியது. புறப்பட்டு ஒரு மணித்துளி நிறைவதற்குள் அது வழிமாறிச் சிதைந்தது. அதிலிருந்த நான்கு ஆய்வுச் செயற்கைக்கோள்களும் அழிந்தன. திசையறி கருவிக்குரிய நிரல், நன்கு இயங்கிய ஏரியன் 4 ஏவூர்தியிலிருந்து எடுத்தாளப்பட்டதாகும். புதிய ஏவூர்தியின் கிடைமட்ட வேகம் பழையதனைவிட மிகுதி. அதனைச் சார்ந்த ஓர் எண், நிரலில் ஒதுக்கப்பட்ட இடத்தில் அடங்கும் பேரெண்ணாகிய 32,767ஐத் தாண்டியது. கருவி செயலிழந்தது. புதிய ஏவூர்தியின் பறப்புப் பாதையைக் கொண்டு அக்கருவி முன்னரே சோதிக்கப்படவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. நேற்றைய சூழலுக்குப் பெற்ற சான்றிதழ் இன்றைய சூழலுக்குச் செல்லாது.

> தெரியுமா?
> 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினியின் உணர்த்தி ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. பணியாளர்கள் அதனை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தனர். பொறியியல் பழுதைப் 'பூச்சி' எனக் குறிக்கும் ஆங்கில வழக்கு அதற்கு முன்பே இருந்தது. அன்று உண்மையான பூச்சியே அகப்பட்டது.

தமிழ் எழுத்தும் சோதனையும்

மொழியறிவும் சோதனையாளரின் கருவியாகும். 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்துகள் மூன்று. ஒருங்குறியில் அதன் குறியீடுகள் ஐந்து. 'மீனாட்சிசுந்தரம்' என்னும் பெயரில் எழுத்துகள் ஒன்பது, குறியீடுகள் பதினாறு. பெயருக்குப் பதினைந்து குறியீடுகள் போதும் என்று நிரலாளர் வரையறுத்தால், இறுதி மகரத்தின் புள்ளி உதிர்ந்து 'மீனாட்சிசுந்தரம' என்றே அப்பெயர் பதிவாகும். ஒகர உயிர்மெய்யின் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம். எகரக்குறி, கால் என இரண்டாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கோ வேறு. இவ்வேறுபாட்டை நிரல் களையாவிடில், பட்டியலில் உள்ள பெயரைத் தேடினாலும் 'இல்லை' என்னும் விடையே கிட்டும்.

தமிழ்நாட்டில் பலர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை அல்லது தாய் பெயரின் முன்னெழுத்தே உண்டு. குடும்பப்பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவத்தின்முன் அவர்கள் திகைத்து நிற்பர். இத்தகைய பிழைகளைத் தமிழறிந்த சோதனையாளரே விரைந்து காண்பார்.

பிழையை எடுத்துரைத்தல்

பிழையைக் கண்டால் மட்டும் போதாது. கேட்போர் ஏற்குமாறு உரைக்கவும் வேண்டும். 'பெயர்ப்பகுதி வேலை செய்யவில்லை' என்பது அறிக்கையன்று. எந்தக் கருவியில், எந்த வரிசையில், எதனை இட்டபோது, எது நிகழ்ந்தது, எது நிகழ்ந்திருக்க வேண்டும் என்பவற்றைத் தெளிவாக எழுதுவதே நல்லறிக்கை. அது நிரலைக் குறிக்குமேயன்றி நிரலாளரைக் குறிக்காது. இங்குச் சொற்சுருக்கமும் பொருள்தெளிவும் கனிவும் ஒருங்கே வேண்டப்படுகின்றன.

ஒரே சோதனையைப் பன்முறை நிகழ்த்தும் சுமையை இன்று தானியங்கி நிரல்கள் ஏற்றுள்ளன. ஆயினும் எதனைச் சோதிக்க வேண்டும், எது மனிதர்க்குத் தீங்காகும் என்று எண்ணிப் பார்ப்பது மனிதரின் கடமையாகவே நிற்கிறது. சோதனை, பிழை உண்டு என்பதைக் காட்டும். பிழை அறவே இல்லை என்பதை அதனால் நிறுவ இயலாது. இதனை உணர்ந்தமையால்தான் நல்ல சோதனையாளர் செருக்குறுவதில்லை.

வெளியீட்டு நாள் நெருங்கும், அனைவரும் விரைவர். அவ்வேளையில் 'இன்னும் ஆயத்தமாகவில்லை' என்று சான்றோடு உரைக்கும் துணிவே இப்பணியின் அறம். தடுக்கப்பட்ட தீங்கு செய்தியாவதில்லை. அதைத் தடுத்தவர் பெயரும் வெளியே தெரிவதில்லை. தம் முகம் அறியாத ஒருவரின் நலனுக்காக ஐயுறுவதும் தொண்டேயாகும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பள்ளி நூலகத்திற்கு நூல் இரவல் செயலி ஒன்று உருவாக்கப்படுவதாகக் கொண்டு, அதற்கான எல்லை மதிப்புச் சோதனைகள் ஐந்தினை எழுதுக.
2. வகுப்புத் தோழர் ஐவரின் பெயர்களில் உள்ள எழுத்துகளையும் குறியீடுகளையும் எண்ணிப் பட்டியலிடுக.

மதிப்பீடு

குறுவினா
1. எல்லை மதிப்புகளைச் சோதிப்பதன் பயன் யாது?
2. ஒருங்குறியில் ஒகரக்குறியால் நேரும் சிக்கல் யாது?

சிறுவினா
ஏரியன் 5 நிகழ்வு உணர்த்தும் பாடத்தை விளக்குக.

நெடுவினா
'ஐயுறுதலும் தொண்டே' என்னும் கருத்தைத் தெராக்-25 நிகழ்வைக் கொண்டு நிறுவுக.