கண்டதைச் சொல்லுவதும் ஆராதனையே

வேதவாசிப்பு: லூக்கா 17:11-19, யோசுவா 4:1-7, சங்கீதம் 66:16-20



ஆராதனை என்றவுடன் பாடலையும் ஜெபத்தையும் நினைக்கிறோம். சாட்சி வேளையையோ, ஜனங்கள் வந்து சேரும்வரை நேரத்தை நிரப்பும் ஒரு பகுதியாகவே பல இடங்களில் நடத்திவிடுகிறோம். ஆனால் தேவன் செய்ததைக் கவனிப்பதும், கவனித்ததை உண்மையாய் எடுத்துரைப்பதும் அவருக்குச் செலுத்தும் ஆராதனை என்றே வேதம் போதிக்கிறது. சித்தூர், திருப்பதி பகுதிகளின் ஊழிய சரித்திரத்தோடு சேர்த்து இதைத் தியானிப்போம்.

1. கவனிக்கும் கண்

குஷ்டரோகிகள் பத்துப்பேரும் சுகம் பெற்றனர். தனக்கு நேர்ந்ததை உணர்ந்து இயேசுவினிடம் திரும்பி வந்தவன் ஒருவனே. மற்ற ஒன்பது பேருக்கும் நன்மை கிடைத்தது. ஆராதிக்கும் பாக்கியமோ அவர்கள் கையைவிட்டு நழுவிற்று. கவனியாத இடத்தில் துதி பிறப்பதில்லை.

தேவனுடைய செயல் உடனே கண்ணுக்குப் புலப்படுவதுமில்லை. ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷனெரிகள் 1860-களில் தெலுங்கு தேசத்தின் தென்பகுதிக்கு வந்து, திருப்பதி, காளஹஸ்தி முதலிய இடங்களில் ஊழியஞ்செய்தனர். முதல் உலகப்போர் மூண்டபோது, ஜெர்மானியர் என்பதால் அவர்கள் பணித்தளங்களை விட்டு அகற்றப்பட்டனர். அன்று பார்த்தவர்கள், எல்லாம் முடிந்துபோயிற்று என்றே எண்ணியிருக்கக்கூடும். ஆனால் அமெரிக்க லுத்தரன் சபையார் அப்பணியை ஏற்று நடத்தினர். இன்று தென் ஆந்திர லுத்தரன் திருச்சபை திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கிறது. விதைத்தவர்கள் போனார்கள், விதை போகவில்லை. பொறுமையோடு நோக்கும் கண்ணுக்கே இது தெரியும்.

2. கூட்டாத, குறைக்காத வாய்

சித்தூர் மாவட்டத்தில் நெடுங்காலம் சேர்ந்திருந்த மதனப்பள்ளியில் பல்லாண்டுகள் ஊழியஞ்செய்தவர் டாக்டர் ஜேக்கப் சேம்பர்லின். 1863-ஆம் ஆண்டு அவரும் உடன் ஊழியர்களும் நீண்ட பயணம் சென்றபோது, கோதாவரி வெள்ளத்தால் புலிகள் நடமாடும் காட்டில் சிக்கிக்கொண்டனர். இருட்டும் வேளை நெருங்கியது. அவர் ஜெபித்தார், ஆற்றங்கரைக்குத் திரும்பும்படி உள்ளத்தில் ஏவப்பட்டார். அங்கே ஒரு பெரிய படகு நின்றது. அது தன் துறையிலிருந்து விடுபட்டு, எவ்வளவு தடுத்தும் நில்லாமல் இந்தக் கரைக்கே வந்துவிட்டது என்று படகுக்காரர்கள் பயந்தபடி சொன்னார்கள்.

இச்சம்பவத்தை அவர் 1896-இல் வெளியான தம் நூலில் எழுதினார். வானத்திலிருந்து படகு இறங்கியதாக அவர் சொல்லவில்லை. வெள்ளம், விடுபட்ட படகு, பயந்து நடுங்கிய மனிதர்கள் ஆகிய சாதாரணக் காரியங்களின் ஊடாகவே தேவகரத்தைக் கண்டார். நம் சாட்சிகளுக்கு இது நல்ல பாடம். தேவனுடைய மகிமைக்கு நம்முடைய மிகைப்படுத்தல் தேவையில்லை. கூட்டிச் சொல்லும்போது, கேட்பவரின் கண் தேவனை விட்டு நம்மேல் திரும்புகிறது.

3. கண்ணீரை மறைக்காத சாட்சி

விடுதலை கிடைக்காதவர்கள் எதைச் சொல்லுவார்கள்? இளம் ஐடா ஸ்கடர் திண்டிவனத்தில் தகப்பன் வீட்டில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் தனித்தனியே வந்து, பிரசவ வேதனையிலிருந்த தங்கள் மனைவியருக்காக உதவி கேட்டனர். மருத்துவரான அவர் தகப்பனை, ஆண் என்பதால் அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவின் பாரம் ஐடாவை மருத்துவராக்கிற்று. 1900-இல் வேலூரில் சிறிதாய்த் தொடங்கிய அவருடைய பணி, கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து, இன்று சித்தூரிலும் ஒரு வளாகத்தைக் கொண்டுள்ளது.

இதைச் சொல்லும்போது அந்த மூன்று மரணங்களையும் மறைத்துவிடலாகாது. பின்னர் உண்டான நன்மை அந்தக் குடும்பங்களின் இழப்பை இழப்பல்ல என்று ஆக்கிவிடவில்லை. துக்கத்தைத் துக்கமென்றே சொல்லி, அதன் நடுவிலும் தேவன் கைவிடவில்லை என்று அறிக்கையிடுவதே உண்மையான சாட்சி. சபையில் அழுதுகொண்டிருக்கிற ஒருவரால் தாங்கக்கூடிய சாட்சியும் அதுவே.

4. பிள்ளைகளுக்கு ஒரு நினைவுக்கல்

பிற்காலத்தில் பிள்ளைகள் கேட்கும்படி யோர்தானிலிருந்து பன்னிரண்டு கற்கள் எடுக்கப்பட்டன. மதனப்பள்ளிக்கு அருகே 1915-இல் பல மிஷன்கள் இணைந்து காசநோய் மருத்துவமனை ஒன்றைத் திறந்தன. அவ்விடத்தின் பெயர் ஆரோக்கியவரம். காசநோய்க்குப் பலன் தரும் மருந்து இல்லாதிருந்த காலத்தில், நோயாளிகள் நம்பிக்கையோடு உச்சரித்த பெயர் அது. இன்றும் அப்பெயரே ஒரு நினைவுக்கல். நம் வீட்டிலும் அப்படி ஒன்று வேண்டும். வாரந்தோறும் கர்த்தர் செய்த ஒரு காரியத்தைத் தேதியுடன் குறித்துவைத்து, குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்டலாம். பிறருடைய வியாதியையோ கடனையோ அவர்கள் சம்மதமின்றி நம் சாட்சியாக்காதிருப்போமாக.

சிந்திக்க:

- கடந்த மாதத்தில் நான் பெற்றும் கவனியாமற்போன நன்மை எது?
- என் சாட்சியில் உயர்த்தப்படுவது கர்த்தரா, நானா?
- துக்கத்திலிருக்கும் ஒருவர் என் சாட்சியைக் கேட்டால் தேறுவாரா, சோர்வாரா?

ஜெபம்: ஆண்டவரே, உமது செயல்களைக் காணும் கண்ணையும், கண்டதை மாத்திரம் சொல்லும் வாயையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.