பழவேற்காட்டுக் கட்டமும் 89 வெள்ளிச் சட்டையும்

வார இறுதியானால் பாரிட் ராஜாவில் பேருந்தேறிப் பத்து பாகாட் நகருக்குப் போய்த் துணிக்கடைகளில் ஏறி இறங்குவது நம் மாணவர் பலரின் பொழுதுபோக்கு. ஊரும் அதற்கேற்ற ஊர்தான். ஆயத்த ஆடைத் தொழிலுக்கு மலேசியாவில் பெயர்பெற்ற நகரங்களுள் இஃது ஒன்று.

நண்பர் ஒருவர் அங்கே 89 வெள்ளி கொடுத்துக் கட்டம் போட்ட சட்டை ஒன்றை வாங்கி வந்தார். கழுத்துப்பட்டையில் தைத்திருந்த சீட்டில் 'மெட்ராஸ்' என்றிருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களின் பாணி என்று விளக்கமும் தந்தார். அதே கட்டம் போட்ட கைலியோடு அவருடைய தாத்தா கடைத்தெருவுக்கு வந்தால் கூட நடக்க அவர் கூச்சப்படுவார் என்பதை நான் அறிவேன். நானும் அப்படி இருந்தவன்தான்.

சட்டைக்கும் கைலிக்கும் பூர்வீகம் ஒன்றே. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குச் செல்லும் மலாய் அன்பர்கள் அணியும் கட்டம் போட்ட சாரோங்கிற்குக் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் என்பது நம் பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே ஏரியோரம் இருக்கும் அவ்வூரை ஐரோப்பியர் 'புலிக்காட்' என்றனர். டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். கிராம்பும் சாதிக்காயும் விளைந்த தீவுகளில் சோழமண்டலக் கரைத் துணிக்கு இருந்த கிராக்கியே அதற்குக் காரணம். துணியைக் கொடுத்து வாசனைப் பொருள் வாங்கினார்கள். நம் நெசவாளர் தறியில் நெய்த துணி, அந்தத் துறைமுகங்களில் பணமாகவே புழங்கியது எனலாம். இன்று இவ்வகைச் சாரோங் இந்தோனேசியாவிலும் பெருமளவில் நெய்யப்படுகிறது. பெயர் மட்டும் மாறவில்லை.

நண்பர் சொன்ன அமெரிக்கப் பல்கலைக்கழகத்திற்கு வருவோம். எலிஹு யேல் என்பவர் 1687 முதல் 1692 வரை மெட்ராசில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராக இருந்தவர். அவருடைய ஆட்சிக்காலத்தில் அங்கிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டதும் பதிவாகியுள்ளது. 1718-இல் அவர் கனெக்டிகட்டிலிருந்த ஒரு சிறு கல்லூரிக்கு நூல்களையும், அரசரின் ஓவியத்தையும், துணிகள் அடங்கிய ஒன்பது பொதிச் சரக்கையும் அனுப்பினார். சரக்கை விற்ற பணம் 560 பவுனுக்கு மேல். கல்லூரி அவர் பெயரையே சூட்டிக்கொண்டது. அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம்.

மெட்ராஸ் கட்டத் துணி அமெரிக்காவில் பெரிதாக எடுபட்டது 1950-களின் இறுதியில்தான். பின்னாளில் லீலா உணவகக் குழுமத்தை நிறுவிய கேரளத்தின் கிருஷ்ணன் நாயர், புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்திற்கு 1958-இல் இத்துணியை விற்க வழிசெய்தார் என்பர். குளிர்ந்த நீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்ற குறிப்பு வாங்கியவர்களைச் சென்றடையவில்லை. துவைத்ததும் சாயம் கரைந்து ஒரு நிறம் மற்றொன்றில் ஏற, புகார்கள் குவிந்தன. விளம்பரக்காரர்கள் சளைக்கவில்லை. 'சாயம் போகும், அதற்கு உத்தரவாதம்' என்ற பொருளில் விளம்பரம் செய்து, குறையையே பெருமையாக்கி விற்றுவிட்டார்கள். நம் வீட்டில் சாயம் போனால் அம்மா கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்!

சாயம் ஏன் போகிறது? அவுரி நீலம், சாயவேர்ச் சிவப்பு, மஞ்சள் முதலியவற்றில் நூலைத் தோய்த்துக் காயவைத்து, அதன் பிறகே தறியில் ஏற்றுவார்கள். படிகாரம் போன்ற பிடிப்புப் பொருள் போதாவிட்டால் நிறம் நூலில் நிலைக்காது. நூலிலேயே நிறமிருப்பதால் இத்துணிக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்ற வேறுபாடில்லை. அச்சடித்த கட்டமானால் உள்பக்கம் வெளிறிக் கிடக்கும். கடையில் நின்றபடியே இதைச் சோதிக்கலாம்.

நைஜீரியாவின் கலபாரி மக்கள் இத்துணியை 'இஞ்சிரி' என்கிறார்கள். அவர்களுடைய பெண்கள் கட்டத்திலிருந்து சில இழைகளை மட்டும் கத்தியால் அறுத்து உருவி, வேறொரு கோலத்தை வரவழைப்பார்கள். பிறகு அது அவர்களுடைய துணி.

இதையெல்லாம் கேட்டபின் நண்பர் தம் சட்டையைப் புரட்டிப் பார்த்தார். உள்பக்கம் வெளிறியிருந்தது.