மடிக் கீரையிலிருந்து குதிர் நெல் வரை



போன மாதம் நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். களையெடுத்துவிட்டு ஒரு அக்கா நேராகக் கூட்டத்துக்கு வந்தார். மடி நிறைய பண்ணைக் கீரையும் பொன்னாங்கண்ணியும். "வெதைக்கவும் இல்ல, தண்ணி பாய்ச்சவும் இல்ல, சும்மா கெடைச்சது" என்று சிரித்தார். அந்த அக்கா செய்ததுதான் மனித குலத்தின் மிகப் பழைய தொழில். ஒரு காலத்தில் எல்லா மனிதர்களும் இப்படித் தேடித்தான் சாப்பிட்டார்கள். அங்கிருந்து வயலுக்கும், வயலிலிருந்து நகரத்துக்கும் எப்படி வந்தோம்? இந்த மாதம் இதைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

தேடித் தின்ற காலம்

திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கல் கோடாரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அந்த 15 லட்சம் ஆண்டுகளை ஒரு முழு நாளாக நினைத்துப் பாருங்கள். உலகத்தில் விவசாயம் வந்தது கடைசிப் பத்து, பதினோரு நிமிடத்தில்தான்! மீதி நேரமெல்லாம் வேட்டை, மீன், கிழங்கு, பழம், கீரை. எந்தக் கிழங்கு விஷம், எந்த மரம் எப்போது பழுக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

எடுத்து வைத்த விதை

சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் கடும் குளிர்காலம் முடிந்து பூமி வெதுவெதுப்பானது. அதன் பிறகு மேற்கு ஆசியாவில் கோதுமை, பார்லியும், சீனாவில் நெல்லும் பயிராயின.

இது ஒரே நாளில் நடக்கவில்லை. எள்ளு முற்றினால் என்ன ஆகும்? காய் வெடித்து மண்ணில் கொட்டிவிடும். காட்டுத் தானியமும் அப்படித்தான், பழுத்ததும் உதிர்ந்துவிடும். உதிராமல் கதிரிலேயே நின்ற மணிகள்தான் அறுத்தவர் கைக்கு அதிகம் வந்தன. அதையே திரும்பத் திரும்ப விதைத்தபோது, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் உதிராத பயிர் உருவானது.

தென்னிந்தியாவில் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே கொள்ளு, பச்சைப்பயறு, சிறுதானியம் பயிரிட்டிருக்கிறார்கள். திருப்பத்தூர் மாவட்டம் பையம்பள்ளியில் 1960-களில் தோண்டிப் பார்த்தபோது கருகிப்போன கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. நாம் இன்றைக்கு ரசம் வைக்கிற அதே கொள்ளுதான்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. விதைக்க வேண்டுமானால், பசியிலும் ஒரு பிடியைத் தின்னாமல் வைக்க வேண்டும். பிள்ளை அழும்போதும் அந்தப் பானையைத் தொடக் கூடாது. அப்படியானால் மனிதரின் முதல் சேமிப்பு பணமில்லை, விதைதான். செடி கொடிகளைச் சேகரித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதால், முதல் விதையை ஊன்றியதும் பெண்களாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

சுகம் மட்டும் வரவில்லை

விவசாயம் வந்ததும் வேலை குறைந்ததா? இல்லை. சிரியா நாட்டில் அபு ஹுரைரா என்ற பழைய ஊரில் கிடைத்த எலும்புகளை ஆய்ந்தார்கள். முழங்காலும் கால் விரலும் முதுகும் தேய்ந்திருந்தன, அதுவும் பெண்களுக்கே அதிகம். மண்டியிட்டு மணிக்கணக்கில் தானியம் அரைத்ததால் வந்தது. நம் பாட்டிமார் திருகை சுற்றிய கதை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

மிச்சம் வந்தால் கணக்கு வரும்

சாப்பிட்டது போக நெல் மிஞ்சியதால் எல்லோரும் ஏர் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. குயவர், கொல்லர், நெசவாளர், வியாபாரி எனத் தொழில்கள் பிரிந்தன. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தாழியில் கிடைத்த நெல் கி.மு. 1155-ஐச் சேர்ந்தது என்று 2021-ல் அறிவிக்கப்பட்டது. பழனி அருகே பொருந்தலில் ஒரு கல்லறையில் சுமார் 2 கிலோ நெல் வைத்த ஜாடி கிடைத்தது. காலம் கி.மு. 490. அதே கல்லறையில் எழுத்துப் பொறித்த மண்பாண்டமும் இருந்தது. கீழடியில் செங்கல் வீடு, உறைகிணறு, பானையில் கீறிய பெயர்கள். நம் கடலூர் மாவட்டத்து மருங்கூரிலும் 2024-ல் அகழாய்வு தொடங்கியது.

உலகத்தில் பல இடங்களில் மிச்சம் வந்த இடத்தில் குதிர் வந்தது, குதிருக்குக் காவல் வந்தது, கணக்கு வந்தது. குதிரும் கணக்கும் யார் கையில் இருந்ததோ அவர்கள் பெரியவர்கள் ஆனார்கள். விதைத்தவளும் அரைத்தவளும் எட்ட நின்று அளந்து வாங்குகிற நிலை வந்தது.

நமக்கு என்ன பாடம்?

நாம் வாராவாரம் சேமிக்கிறோம். கூலிக் காசில் ஒரு பங்கைத் தொடாமல் வைக்கிறோம். ஆனால் சில குழுக்களில் தீர்மான நோட்டும் கணக்கு நோட்டும் வீட்டு ஆண்கள் கையில் இருக்கின்றன. "எங்க வீட்டுக்காரரு எழுதுவாரு, எனக்கு இருப்பு எவ்வளவுன்னு தெரியாது" என்று ஒரு தலைவியே எங்களிடம் சொன்னார். சேமிப்பு நம்முடையது, கணக்கு இன்னொருவருடையது என்றால், பழைய கதைதான் திரும்ப நடக்கும். எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கூட்டத்தில் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்பது நம் உரிமை.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்:

1. நம் குழுவின் இன்றைய வங்கி இருப்பும் உள்கடன் நிலுவையும் எத்தனை பேருக்குத் தெரியும்?
2. நம் வீட்டில் சொந்தமாக எடுத்து வைத்த விதை எதாவது இருக்கிறதா? யாரிடம் இருக்கிறது?
3. வயலில் தானாக முளைக்கும் எத்தனை கீரைகளை நம் பெண் பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியும்?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். எழுதுவது நம் கையாக இருக்கட்டும்!