லூபேனைப் படைத்தவர்

புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணம் செல்லும் கடற்கரைச் சாலையில், பொம்மையார்பாளையம் என்னும் சிற்றூர் உள்ளது. அதன் கிழக்கே வங்கக் கடல். மேற்கே மழைநீர் அரித்துக் குடைந்த செம்மண் பள்ளங்கள். அப்பள்ளங்களில் இறங்கி நிற்கும் சிறுவருக்கு, இம்மண்ணுக்குள் என்ன மறைந்து கிடக்கிறதோ என்னும் எண்ணம் எழாமல் இராது. அவ்வூருக்குத் தெற்கே சில கல் தொலைவில் உள்ள புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர் 1954 வரை ஆண்டனர். அவர்தம் தாய்நாட்டிலும் இத்தகைய எண்ணத்தைத் தூண்டும் கடற்கரை ஒன்று உண்டு. நார்மண்டிப் பகுதியில் எத்ரதா என்னும் ஊரில், வெண்ணிறச் சுண்ணப் பாறைகளைக் கடல் குடைந்து வாயில்களைப் போல் ஆக்கியிருக்கிறது. அவற்றின் அருகே ஊசி போன்ற பாறை ஒன்று நீரினின்று தனித்து நிமிர்ந்து நிற்கிறது. அவ்வூசியின் உள்ளே வெற்றிடம் இருக்குமாயின்? இவ்வினாவை வைத்து ஒரு புதினம் படைத்தவர் மொரீஸ் லெபிளான்.

லெபிளான் 1864ஆம் ஆண்டு நார்மண்டியின் ரூவான் நகரில் பிறந்தார். இளமையில் ஆலை ஒன்றில் அமர்த்தப்பட்டார். ஆயினும் அவர் உள்ளம் எழுத்தையே நாடியது. பாரிசுக்குச் சென்று, மனித மனத்தை ஆராயும் புதினங்களை எழுதினார். 1893இல் வெளிவந்த முதற் புதினத்தை அறிஞர் சிலர் பாராட்டினர், மக்களோ வாங்கவில்லை. நாற்பது வயதளவும் அவர் புகழுக்குக் காத்திருந்தார். அது வந்தபொழுது அவர் எதிர்பாராத வழியில் வந்தது.

1905ஆம் ஆண்டு, பியர் லபீத் என்னும் இதழாசிரியர் தம் திங்களிதழுக்கு ஒரு கதை வேண்டினார். லெபிளான் ஆர்சேன் லூபேன் என்னும் திருடனைப் படைத்தளித்தார். நயமான பேச்சும், மாறுவேடத் திறமும், நகைச்சுவையும் உடையவன் லூபேன். செல்வர் மாளிகையில் புகுந்தாலும் கண்ணியம் தவறாதவன். வேடிக்கை என்னவெனில், அம்முதற் கதையின் முடிவிலேயே அவன் சிறைப்பட்டு விடுகிறான்! லபீத் மேலும் கதைகள் வேண்டவே, ஆசிரியர் அவனைச் சிறையினின்று தப்புவிக்க நேர்ந்தது. தமிழில் 1908இல் ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ வெளிவந்தபொழுது, துப்பறியும் கோவிந்தனே வாசகர் உள்ளத்தைக் கவர்ந்தான். லெபிளானோ துப்பறிவோனை விடுத்துத் திருடனைத் தலைவனாக்கினார். ஆங்கில எழுத்தாளர் கோனன் டாயில் படைத்த ஷெர்லாக் ஹோம்ஸையும் ஒரு கதையில் துணிந்து புகுத்தினார். டாயில் மறுப்புத் தெரிவிக்கவே, பெயரின் முதலெழுத்துகளை இடம் மாற்றி ‘ஹெர்லாக் ஷோம்ஸ்’ ஆக்கினார். திருடனின் கதையை எழுதியவர் பிறர் பொருளை எடுத்துப் பிடிபட்ட கதை இது!

எத்ரதாப் பாறையை வைத்து எழுதிய ‘உள்ளீடற்ற ஊசி’ 1909இல் நூலாயிற்று. அதில் லூபேனை எதிர்ப்பவன் பதினேழு வயதுப் பள்ளி மாணவன் பொத்ரலே. எண்களும் புள்ளிகளும் நிறைந்த தாள் ஒன்று அவன் கைக்குக் கிடைக்கிறது. எண்கள் உயிரெழுத்துகளையும் புள்ளிகள் மெய்யெழுத்துகளையும் குறிக்கும் என்று அவன் உய்த்துணர்கிறான். ‘கிரெஸ்’ என்னும் சொல் புலப்படுகிறது. பிரெஞ்சில் அதற்கு ‘உள்ளீடற்ற’ என்று பொருள். அப்பெயரில் ஒரு மாவட்டமும் உண்டு. மாணவன் மாவட்டம் என்றே கொண்டு, அங்குள்ள ‘ஊசி மாளிகை’யைத் தேடிச் செல்கிறான். வழிதவறச் செய்வதற்கென்றே பண்டை அரசன் ஒருவன் கட்டிய மாளிகை அது! பின்னரே உண்மை விளங்குகிறது: பிரெஞ்சு மன்னர்கள் வழிவழியாகக் காத்த செல்வம் கடற்பாறையின் வயிற்றுக்குள் இருக்கிறது. தேடுவோன் தவறுவதையும், அத்தவற்றை அவனே கண்டு திருத்துவதையும் மறையாது காட்டுவதால் இப்பகுதி மிகச் சிறந்து விளங்குகிறது.

அடுத்து வந்த ‘813’ என்னும் புதினத்தில் லூபேன் செங்குத்தான பாறையினின்று கடலில் குதிக்கிறான். எனினும் இறுதியில் உயிரோடு தோன்றுகிறான். ஆசிரியர் வேறு நூல்களும் எழுதினார். உலகம் கேட்டதோ லூபேனையே.

எத்ரதாவில் லெபிளானுக்கு ஒரு வீடு இருந்தது. இரண்டாம் உலகப் போரில் செருமானியர் நாட்டைக் கைப்பற்றியபொழுது அவர் அதை விட்டுத் தெற்கே சென்று, 1941இல் பெர்ப்பினியன் நகரில் காலமானார். அவ்வீடு 1999 முதல் காட்சியகமாக விளங்குகிறது. அதற்கு வழங்கும் பெயர் ‘லூபேன் இல்லம்’.