எழுத்தைக் கண்டு ஏன் பயம்?

சம்பளத் துண்டு கைக்கு வந்ததும் பார்க்காமலே மடித்து முந்தானையில் முடிந்துகொள்ளும் அம்மாமார் நம் லயங்களில் உண்டு. கேட்டால், "எழுத்தப் பாத்தாலே தலை சுத்துது தம்பி, நீங்களே வாசிங்க" என்பார்கள்.

புத்தகத்தையும் வாசிப்பையும் கண்டு அளவுக்கு மீறி அஞ்சுவதை 'பிப்லியோபோபியா' என்கிறார்கள். இது பிறவிக் குணம் அல்ல. ஒரே அறையில் எல்லா வகுப்பும் நடந்த பழைய தோட்டப் பள்ளிக்கூடத்தில், வாசிக்கத் தடுமாறினால் பிரம்படி. அடியின் பயம் புத்தகத்தோடு ஒட்டிக்கொண்டது. 1977க்குப் பின் அப்பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. மனதில் விழுந்த தழும்பு மட்டும் மாறவில்லை.

இந்தப் பயத்தால் நட்டம் நமக்கே. ஊழியர் சேமலாப நிதிக்குச் சட்டப்படி நம் சம்பளத்தில் குறைந்தது 8 சதவீதம் பிடிக்க வேண்டும். வேலை கொடுப்பவர் குறைந்தது 12 சதவீதம் சேர்க்க வேண்டும். வேலை நாள் எத்தனை, பிடித்த காசு எவ்வளவு என்று வாசிக்காமல் எப்படித் தெரியும்?

நாம் செய்யக்கூடியவை:

1. துண்டில் முதலில் நம் பெயரைத் தேடுவோம். பிறகு வேலை நாள், பிடித்த காசு. ஒரு நாளைக்கு ஒரு வரி போதும்.

2. நாற்பது வயதுக்கு மேல் கிட்டத்து எழுத்து மங்கும். அது மக்குத்தனம் அல்ல, கண்ணைப் பரிசோதிப்போம்.

3. பிள்ளை பாடம் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் சொல்லிக் குடு" என்று கேட்போம். கேட்பதில் வெட்கமில்லை.

4. பிள்ளை தடுமாறினால் அடிக்கவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம்.

அட்டைக் கடிக்குப் பயந்து நாம் மலைக்குப் போகாமல் இருந்ததில்லை. புத்தகம் கடிக்கவா போகிறது?